ஒரு அடி பனிதானே, அதிலும் பனிச்சரிவு வருமா?

டென்வர்வாசி:
வணக்கம் மக்களே. டென்வர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வருகிற சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து லவ்லேண்ட் பாஸ் என்கிற மலைக்கணவாய் பக்கம் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் நடக்கிற அகலக் காலணி) போட்டு ஏறலாம் என்று திட்டம். அக்டோபரில் கொஞ்சம் விழுந்தது, போன வாரம் ஒரு அடி, அவ்வளவுதான், பாறையும் புல்லும் இன்னும் வெளியே தெரிகிறது. பனிச்சரிவெல்லாம் ஜனவரி, பிப்ரவரியில் மலை நிறையப் பனி ஏறிய பிறகுதானே? மனைவி மட்டும் வேண்டாம் என்கிறாள்.

மலைக்கிறுக்கன்:
அவர் சொல்வதுதான் சரி. பனி குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று இங்கே புதிதாக வருகிற எல்லோரும் நினைப்பார்கள், நானும் நினைத்தவன்தான். அக்டோபர் பனி வெயில் படுகிற தெற்குச் சரிவில் உருகிவிடும், வடக்கும் கிழக்கும் பார்த்த நிழல் சரிவில் மட்டும் தங்கும். அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரி, மேலே மேகமில்லாத ராத்திரியில் மைனஸ் 15, நடுவில் இருப்பதோ 30 சென்டிமீட்டர் பனி. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி வித்தியாசம் இருந்தாலே நீராவி அடியிலிருந்து மேலே ஏறி, பனித்துகள்கள் ஒட்டுவதை விட்டுவிட்டுப் பெரிய பெரிய மணிகளாக மாறிவிடும். இங்கே 5 டிகிரி.

போன ஞாயிறு ஒரு குழி தோண்டிப் பார்த்தேன். அடியில் கைவிட்டு அள்ளினால் அஸ்கா சர்க்கரை மாதிரி விரல் இடுக்கில் சரசரவென்று கொட்டுகிறது, எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்க வரவில்லை. அதன்மேல் காற்று கொண்டுவந்து இறுக்கிய புதுப்பனி பலகை போல உட்கார்ந்திருக்கிறது. நடுக்குளிரில் மேலே ஒன்றரை, இரண்டு மீட்டர் இருந்தால் நம் எடை பல இடங்களில் அடிவரை எட்டாது. இப்போது ஒரு அடிதான், ஒவ்வொரு காலடியும் நேராகச் சர்க்கரையில் போய் இறங்கும், அது நொறுங்கினால் மேலே இருக்கிற பலகை அப்படியே சறுக்கிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், இந்த மாதத்தில் நடக்கிற அளவுக்குப் பனி இருக்கிற இடமும் அந்த நிழல் சரிவுதான்.

போல்டர் அக்கா:
இந்த அடிப்படலம் வசந்தம் வரை சாகாது. 2013 ஏப்ரல் 20 அன்று அதே லவ்லேண்ட் பாஸ் அருகே ஷீப் க்ரீக்கில் 5 பேர் இறந்தார்கள், பனிச்சரிவு தரை வரைக்கும் பிய்த்துக்கொண்டு வந்தது. அவர்கள் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கவில்லை, மலைச்சரிவுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தார்கள். அதனால் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவில் ஏறாமல் இருந்தால் மட்டும் போதாது தம்பி, அதன் அடிவாரத்திலும் போகக்கூடாது. காலடியில் ‘தொம்’ என்று சத்தம் கேட்டாலோ ஸ்னோஷூ முன்னால் விரிசல் ஓடினாலோ பேசாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். இப்போதைய பனிச்சரிவு சின்னதாக இருந்தாலும் பாறையிலும் மரக்கட்டையிலும் இழுத்துக்கொண்டு போய் அடிக்கும்.

கொலராடோ பனிச்சரிவு தகவல் மையத்தின் முன்னறிவிப்பைக் காலையில் படியுங்கள். ஐந்தில் இரண்டாம் நிலை என்று போட்டிருந்தால் ‘பாதுகாப்பு’ என்று அர்த்தம் இல்லை. பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்திப் பார்க்கிற நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளும் மண்வாரி) மூன்றும் ஆளுக்கு ஒன்று வேண்டும். புதைந்தவரை 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம், வெளியிலிருந்து உதவி அதற்குள் வராது. ஒரு வருஷம் கடையில் வாடகைக்கு எடுத்த பீக்கனை மலையடிவாரத்தில் ஆன் செய்தேன், பேட்டரி செத்திருந்தது. கோபத்தில் அன்று முழுக்கக் காரிலேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

டென்வர்வாசி:
ஐயோ, லவ்லேண்ட் வேண்டாம் சாமி. எஸ்டெஸ் பார்க் பக்கம் எமரால்ட் லேக் போகலாமா? கூட்டம் போகிற பாதைதானே.

மலைக்கிறுக்கன்:
கூட்டம் போனால் பனிச்சரிவு வராது என்று யார் சொன்னது? நிம்ஃப் லேக் வரை போய்த் திரும்புங்கள், எமரால்டை நெருங்க நெருங்கத் தலைக்கு மேலே செங்குத்துச் சரிவுகள்தான். உங்களுக்கு பிரெய்னார்ட் லேக் சாலை சரியாக இருக்கும். குளிர்காலத்தில் கேட்டை மூடிவிடுவார்கள், ஏரி வரைக்கும் மெதுவான ஏற்றம்தான், ஏரியைத் தாண்டி மேலே மட்டும் போகாதீர்கள்.

டென்வர்வாசி:
அப்படியென்றால் மனைவியும் வருகிறாள், பையனை ஸ்லெட்டில் வைத்து இழுக்கலாமா?

போல்டர் அக்கா:
தாராளமாக. ஆனால் ஏரிக்கரையில் காற்று ஆளையே தள்ளும், பையனுக்குக் கண்ணாடியும் முகமூடியும் போட்டுக் கூட்டிப் போங்கள்.