சாப்பாட்டுக்காகவே சனி ஞாயிறு: மறுபடி காரைக்குடியா, இல்லை மதுரையா?

தேன்குழல்:
சென்னையிலிருந்து கிளம்புகிறோம், கோயில் குளம் எதுவும் திட்டத்தில் இல்லை, சாப்பாடு மட்டும்தான். போன தடவை காரைக்குடி. மதியம் எல்லோரும் சொல்லும் மாதிரியான ஒரு ஹோட்டல், சிவப்பாக எண்ணெய் மிதக்கிற குழம்பு, இங்கே செட்டிநாடு என்று போர்டு வைத்த எந்தக் கடையிலும் கிடைப்பதுதான். மறுநாள் காலையில் தங்கியிருந்த தெருவுக்குப் பின்னால் ஒரு ஆச்சி வீட்டு வாசலில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி மாவு எண்ணெய்க்குள் விழுந்ததும் அடியில் போய், அப்புறம் தானாகவே எழும்பி ஓரம் மொறுமொறுவென்று, நடு வெள்ளை வெளேரென்று மேலே வந்தது. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். மாவு எப்படி என்று கேட்டேன். "பச்சரிசிய அளந்துட்டு அது மேலயே உளுந்தக் கோபுரமா வைப்பா, அம்புட்டுத்தான், புளிக்க விடக்கூடாது" என்றார். "நேத்து எங்க சாப்டீக?" என்று கேட்டார். சொன்னேன். "அது எங்க வீட்டுச் சாப்பாடு இல்ல அப்பச்சி" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பேர்போன ஊருக்கு வெளியாள் போய் என்னதான் சாப்பிட முடியும்?

வைகைக்கரை:
அதனால்தான் சொல்கிறேன், மதுரைக்கு வாருங்கள். எங்கள் ஊரில் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம், எல்லாம் தெருவில் இருக்கிறது. பருத்திப்பால், இட்லி, ஜிகர்தண்டா எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். எனக்கு மறக்காதது ஒரு கறி தோசை. ராத்திரி வெகுநேரமாகிவிட்டது, மாஸ்டர் கல்லைத் துடைத்துவிட்டார், முடிந்தது என்று கை காட்டினார். பக்கத்தில் மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒருவர், "அண்ணே, காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார், அவ்வளவுதான். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை, கல்லில் மறுபடி தண்ணீர் தெளித்து, தடியாக மாவை ஊற்றி, முட்டையை உடைத்துப் பரப்பி, மேலே கறியை அள்ளி வைத்துத் திருப்பிப் போட்டு அமுக்கினார். அந்தச் சத்தமும் மிளகு வாசனையும்! எனக்கும் ஒன்று வந்தது. காரைக்குடியில் ராத்திரி அந்த நேரத்துக்கு என்ன கிடைக்கும்?

அத்திமரம்:
@வைகைக்கரை ராத்திரி கிடைப்பது மட்டும்தான் கணக்கா? நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் மட்டும் விற்கும் அந்த அல்வாக்கடையை இந்தத் திரியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் வரிசையில் வெகுதூரம் பின்னால், முன்னால் நின்றவர்களோடு தீர்ந்துவிட்டது. வாங்கிக்கொண்டு திரும்பிய ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பொட்டலத்தைப் பிரித்து, சூடாக ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார், நெய் மணிக்கட்டு வரை வழிந்தது. "வெளியூரா? வெறுங்கையோட போவாதீரும்" என்றார். திருநெல்வேலியைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயணப்பை:
என் அனுபவம் சின்னது: புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் கறிச் சாப்பாட்டுக்கென்றே போன ஊரில், நம்பிப்போன மெஸ் பூட்டியிருந்தது. ஆகவே ஊரைப் பார்க்கும் முன் மாதத்தைப் பாருங்கள். மதுரை என்றால் சித்திரைத் திருவிழா நாட்களைத் தவிருங்கள், அறையே கிடைக்காது. அடுத்து, ரயில். பல்லவனில் போனால் சென்னையில் மதியத்துக்கு மேல் ஏறி ராத்திரிதான் காரைக்குடி, திரும்ப அதுவே விடியற்காலையில் கிளம்புகிறது, ஞாயிறு காலை அதில் ஏறினால் ஒரு முழுநாள் சாப்பாடு போயிற்று. ராத்திரி வண்டியில் வாருங்கள். வீட்டுச் சாப்பாடு வேண்டுமென்றால் பழைய வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கிறார்களே, அவர்களிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள், கல்பாசியும் மராட்டி மொக்கும் அளவாகப் போட்டு ஆளுக்கேற்ப சமைப்பார்கள். ஒரே நாளில் ஊர் ஊராக ஓடாதீர்கள், வயிறு ஒன்றுதான். முக்கியமானது: பொட்டலம் கட்டி வருகிற பண்டத்துக்காக ஊர் போகவே வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல், மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மூன்றும் பையில் ஏறி உங்கள் வீட்டுக்கே வரும். இலைக்கு வந்த சில நிமிடத்தில் மாறிவிடுகிற பண்டம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே போங்கள். பணியாரம் அப்படி, விருதுநகர் எண்ணெய் பரோட்டா அப்படி, ஆம்பூர் பிரியாணி தம் உடைக்கிற நேரத்தில் அப்படி.

செங்கமலம்:
@பயணப்பை பால்கோவாவைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் கிண்டிக்கொண்டிருக்கும்போதே வாணலி ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டி ஒரு வாழையிலைத் துண்டில் கொடுத்தார்கள். கொஞ்சம் கருகல் வாசனை, உள்ளே இன்னும் ஈரம். டப்பாவில் வந்ததும் அதுவும் ஒன்றே இல்லை. நீங்கள் சொன்ன விதிப்படியே பார்த்தாலும் அதற்காக அங்கே போகத்தான் வேண்டும்.

தேன்குழல்:
எல்லாம் படித்தேன். கறி தோசை மேல் ஆசை வந்துவிட்டது, ஆனாலும் மறுபடி காரைக்குடிதான், இந்த முறை முன்கூட்டியே சொல்லிவைத்து, ராத்திரி வண்டியில். @பயணப்பை, அப்படிச் சமைத்துத் தருகிற வீடுகளில் கவுனி அரிசியும் கந்தரப்பமும் கேட்டால் செய்து கொடுப்பார்களா, இல்லை விசேஷ நாளில் மட்டும்தானா?