எல்லோருக்கும் கேட்கிற சத்தம் எனக்கு மட்டும் ஏன் இப்படிக் குத்துகிறது?

நீடாமங்கலம் மருமகள்:
கல்யாணமாகி இரண்டு வருடம். வீட்டுக்குப் பின்னால் ரைஸ்மில், நெல் ஊறவைத்த தண்ணீரைத் திறந்துவிடும் நாளில் அந்தப் புளித்த நாற்றம் தலைக்கேறி மதியம் சோறே இறங்காது. ஆடி பிறந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கே அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், சொல்லக் கூச்சமாக இருப்பது வேறொன்று. மாமா டவராவில் காபியை ஆற்றி உறிஞ்சும் சத்தம். தங்கமான மனிதர், எனக்குப் பிடிக்கும் என்று வெயிலில் போய் நுங்கு வாங்கி வருபவர். அந்த உறிஞ்சல் கேட்டதும் தாடை இறுகி, கை நடுங்கி, கொல்லைப்பக்கம் போய் நின்றுவிடுகிறேன். "எங்களுக்கெல்லாம் காது இல்லையா, உனக்கு மட்டும் தனிக் காதா" என்கிறார் அத்தை. இது கொழுப்பா, வியாதியா?

பாபநாசம் டீச்சர்:
கொழுப்பெல்லாம் இல்லை தங்கச்சி. மெல்லுவது, உறிஞ்சுவது மாதிரிச் சில சத்தங்களுக்கு மட்டும் கோபமும் பதைப்பும் பொங்குவதை மிசோபோனியா என்பார்கள், 2001-ல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற காது ஆராய்ச்சியாளர் தம்பதி வைத்த பெயர். சத்தம் பெரிதா சிறிதா என்பதல்ல, எந்தச் சத்தம் என்பதுதான் விஷயம். பலருக்கு வீட்டு மனிதர்கள் எழுப்பும் சத்தமே அதிகம் வாட்டும். எனக்கு அம்மா முறுக்கு கடிப்பது, அம்மாவைப் பிடிக்காத பெண் நான் என்று எத்தனை வருடம் அழுதிருக்கிறேன் தெரியுமா. இப்போது எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருகிறேன், ஃபேன் ஓடும், காரைக்கால் வானொலி பாடும், பாதி சத்தம் அதில் கரைந்துவிடும். முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள், அப்புறம் மனநல மருத்துவரிடமும் பேசுங்கள், தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் இரண்டும் உண்டு.

மாயவரத்து அப்பா:
என் பையனுக்கு ஆட்டிசம், ஒன்பது வயது. தவில் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். காதுக்கவசம் வாங்கி நாள் முழுக்க மாட்டிவிட்டேன். அது தப்பு என்றார் டாக்டர், எந்நேரமும் அடைத்தால் சின்னச் சத்தமும் பெரிதாகத் தெரியுமாம். இப்போது தேர் வரும் அரை மணி நேரம் மட்டும்தான். முதல் நாளே கோயிலுக்குக் கூட்டிப்போய் ஸ்பீக்கர் கட்டுவதைக் காட்டி, "நாளைக்கு இங்கிருந்துதான் சத்தம் வரும், முடியலைன்னா இந்தச் சந்து வழியா வெளியே போயிடலாம்" என்று சொல்லிவைப்பேன். போன வருடம் சந்துமுனையில் நின்று தேர் முழுசாகப் பார்த்தான். திடீரென்று வருவதுதான் அவனைக் கொல்கிறது.

திருவாரூர்க்காரன்:
ஸ்பீக்கர் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது, திருவிழாவுக்கு அரசு தரும் சலுகையும் நள்ளிரவு 12 வரைதான். ஐந்து மணிப் பாட்டுக்கு இடமே இல்லை. குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். ஆனால் எடுத்தவுடன் புகார் கொடுத்து ஊரைப் பகைக்க வேண்டாம். மைக்செட் தம்பியிடம் குழாயை வயல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள், எங்கள் தெருவில் கைக்குழந்தை இருந்தபோது அப்படித்தான் கேட்டோம், உடனே திருப்பினார்.

நீடாமங்கலம் மருமகள்:
டீச்சரக்கா எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. இன்று சாயங்காலம் அவரே ரேடியோவைத் தூக்கிவந்து திண்ணையில் மாமா பக்கத்தில் வைத்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காபியை முழுசாகக் குடித்தேன்.