சிமுலேட்டருக்குச் சொல்: பழகுபெட்டி, பழகுபொறி

அன்புள்ள நண்பர்களுக்கு,

நுண்துளை (லேப்ராஸ்கோப்பி) அறுவை சிகிச்சை கற்கும் சிமுலேட்டருக்கு நம் குழுவில் ‘பாவனையாக்கி’, ‘போலி அறுவைக் கருவி’ என்ற இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் நுகர்வோர். அங்கே பொருள் மாறிவிடும். போலி வேண்டவே வேண்டாம். ‘போலி டாக்டர் கைது’ என்று நாளிதழில் படிக்கும் நோயாளியிடம், உங்கள் மருத்துவர் போலிக் கருவியில் கற்றவர் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கருவி எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். வயிற்றில் போட்ட சிறு துளைதான் நீண்ட கருவிக்குத் தாங்குபுள்ளி. அதனால் கை வலப்பக்கம் போனால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். கண்ணோ திரையில் இருக்கும், ஆழம் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கை பழக வேண்டும். அமெரிக்காவில் 2009-10இல் பயிற்சி முடித்தவர்கள் முதல், பொது அறுவை மருத்துவராகச் சான்று பெற, நுண்துளை அறுவையின் அடிப்படைத் திறன்களைச் சோதிக்கும் எஃப்.எல்.எஸ். தேர்வு கட்டாயம். அதில் முதல் வேலை, ஆறு சிறு வளையங்களை ஒரு கை இடுக்கியால் எடுத்து, அந்தரத்திலேயே மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளைகளில் மாட்டி, அப்புறம் அதேபோல் திரும்பக் கொண்டுவருவது. 300 வினாடிதான் வரம்பு. வயிறும் இல்லை, குடலும் இல்லை. துளையிட்ட பெட்டி, உள்ளே ஒரு கேமரா, அவ்வளவுதான். எதையும் போலச் செய்யாத இதற்குப் ‘போலி’ என்ற பெயர் பொருந்தவே இல்லை.

ஆகவே என் பரிந்துரை, பழகுபெட்டி. ஆடுகளம், ஊறுகாய் போல வினைத்தொகை.

கணினித் திரையில் மெய்நிகராகப் பழகுவதற்கு வேறு சொல் வேண்டும்: பழகுபொறி. 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேர் அப்படிப் பழகிவிட்டு அறுவை அரங்குக்குப் போனார்கள். பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரிப்பதில் அவர்கள் மற்றவர்களைவிட 29% கூடுதல் வேகம். பிழைகளோ மற்றவர்கள் செய்ததில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான்.

‘ஒத்திகைப் பெட்டி’ என்று ஓர் ஐயா தனியே எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் ஒத்திகை குறிப்பிட்ட ஒரு நாடகத்துக்கானது. நாளை அறுவைக்கு வரும் ஒரே நோயாளியின் ஸ்கேனை வைத்து முன்கூட்டிச் செய்து பார்ப்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

சரி, முனை எதிர்த்திசையில் போகிறதே, அதற்கும் சொல் இல்லை. கிணற்றுத் துலாவில் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழுவதை நினைத்து, ‘துலா விளைவு’ எனலாமா? குழுவில் உள்ள அறுவை மருத்துவர்கள் மாணவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.