பம்பு உருவாக்கத்தில் மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் திறனை அளப்பது எப்படி?

கோயம்புத்தூரில் சூரிய ஆற்றலில் இயங்கும் நீர்மூழ்கி பம்புகளைத் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். புதிய மாடலை உருவாக்கும்போது இடையில் வரும் மாற்றங்களுக்கு எங்கள் 9 பேர் குழு எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கிறது என்பதை நம்பகமாக அளக்க முடியாமல் 14 மாதங்களாகத் திணறுகிறோம்.

முதலில், கட்டத்துக்குக் கட்டம் ஒப்புதல் பெறும் ஸ்டேஜ்-கேட் முறையில் தாமத நாட்களைக் கணக்கிட்டோம். திட்டப்படி நடந்தோமா என்பதை மட்டுமே அது காட்டியது. பிறகு வேலையைக் குறுகிய தவணைகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறைக்கு மாறி, ஸ்பிரின்ட் எனப்படும் 2 வாரத் தவணைகளில் முடித்த வேலையைப் புள்ளிகளாகக் கூட்டினோம். கன்ட்ரோலர் மென்பொருளுக்கு அது ஓரளவு பொருந்தியது. ஆனால், அதே ஆழத்தில் கூடுதல் டிஸ்சார்ஜ் (பம்பு வெளியேற்றும் நீரின் அளவு) வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டபோது, பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் மோல்டை (வார்ப்பு அச்சை) திருத்தி, மாதிரியை வார்த்து, சோதனை மேடையில் ஏற்றுவதற்குள் 7 வாரங்கள் ஓடிவிட்டன. அந்த வாரங்களிலும் புள்ளிகள் உயர்ந்துகொண்டேதான் இருந்தன. எனக்குக் கவலை தருவது இதுதான். கேள்வித்தாள் வழியே மதிப்பிட்டபோதும், வடிவமைப்பாளர்கள் 5-க்கு 4 கொடுத்த இடத்தில் மோல்டுகளைச் செய்யும் டூல்ரூம் ஊழியர்கள் 2 கொடுத்தார்கள்.

மாற்றக் கோரிக்கை வந்த நாள் முதல் சோதனை முடிவு கைக்கு வரும் நாள் வரையிலான காலத்தை முதன்மை அளவுகோலாகக் கொண்டவர்கள், சிறிய மாற்றத்தையும் மோல்டையே மாற்ற வேண்டிய பெரிய மாற்றத்தையும் எந்த அடிப்படையில் ஒப்பிட்டீர்கள்?