‘செக்அவுட்’டுக்குத் தமிழ்: ‘சிட்டையிடல்’ சரிவருமா?

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் பனைசார் உற்பத்திகளை விற்கும் சிறு குழுவொன்றுக்கு இணையக் கடை அமைத்துக் கொடுக்கிறேன் என்று முன்னர் எழுதியிருந்தேன். மென்பொருள் வூகாமர்ஸ். 2011 முதல் கிடைக்கிறது, இணையத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸுடன் சேர்ந்து இயங்குகிறது, அடிப்படைப் பொதி இலவசம். இணையக் கடைக்கு இடம் தரும் ஷொப்பிஃபை என்றால் மாதாமாதம் டொலரில் வாடகை என்றதும் குழுவின் பொருளாளர் கையை விரித்துவிட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு, நீத்துப்பெட்டி, சுளகு எல்லாம் படத்தோடும் விலையோடும் ஏற்றியாயிற்று. இப்போது இழுபடுவது பொத்தான்களின் பெயர்தான்.

கூடையில் போட்டவற்றை வாங்குவதற்கு விவரங்களை எழுதிக்கொடுக்கும் கட்டம்தான் ‘செக்அவுட்’. அதற்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த மறுமொழிகளுக்கு என் பதில் கீழே.

> ‘கட்டணம் செலுத்து’ என்று வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், பிழையாகப் புரியும். அந்தப் பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். வாங்குபவர் பெயரையும் முகவரியையும் எழுதுகிறார். அனுப்பும் செலவு மொத்தத்தோடு கூடுகிறது. எந்த வழியில் பணம் தருவார் என்பதைத் தெரிவு செய்கிறார். இங்கே பலர் பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுப்பவர்கள். இன்னும் பலர் வங்கியில் வைப்பிலிட்டு, அந்தத் துண்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள். மென்பொருளும் இதை அறிந்தே வைத்திருக்கிறது: வங்கி வழியைத் தெரிவு செய்தால் அந்த ஓடர் பணம் வரும்வரை நிறுத்திவைக்கப்படும், கைக்கு வந்தபின் காசு என்றால் நேரே அனுப்பும் ஆயத்தத்துக்குப் போய்விடும். இரண்டிலும் அந்தப் பக்கத்தில் ஒரு சதம்கூடக் கைமாறுவதில்லை. வங்கி அட்டை இல்லாத ஒருவர் ‘கட்டணம் செலுத்து’ என்ற பொத்தானைக் கண்டால், இது நமக்குரிய கடையன்று என்று திரும்பிவிடுவார். மேலும் கட்டணம் என்பது பஸ்ஸுக்கும் வகுப்புக்கும் கொடுப்பது. பனங்கட்டிக்குக் கொடுப்பது விலை.

> ‘கொள்வனவை நிறைவு செய்’ என்பது இலங்கை வழக்குக்கும் பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொள்வனவு நமக்குப் பழகிய சொல். சிக்கல் ‘நிறைவு’ என்பதில் இருக்கிறது. கடையில் பொத்தான்கள் இரண்டு. முதலாவது கூடைப் பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு அழைத்துச் செல்வது; இரண்டாவது அந்தப் பக்கத்தின் அடியில் இருப்பது, அதை அழுத்தினால்தான் ஓடர் கடைக்குப் போய்ச் சேரும். முதலாவதிலேயே ‘நிறைவு’ என்று எழுதினால், அழுத்தியவர் வேலை முடிந்ததென்று தொலைபேசியை மூடி வைத்துவிடுவார். கடைக்காரரிடம் ஓடர் வந்திருக்காது. நான்கு நாள் கழித்து “சாமான் இன்னும் வரவில்லை” என்று அழைப்பு வரும். நிறைவு, உறுதி, முடிவு ஆகிய மூன்றையும் இரண்டாவது பொத்தானுக்கென்று ஒதுக்கி வைப்போம்.

> ‘வெளியேறு’?

வேண்டாம். அது தளத்திலிருந்து வெளியேறுவதற்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

> கடையில் ‘கணக்குப் பார்ப்பது’தானே நடக்கிறது? ‘கணக்கை முடி’ என்று வைத்தால் என்ன?

வந்தவற்றில் உயிருள்ள சொல் இதுதான். ஆனால் ‘என் கணக்கு’ என்பது அதே பக்கத்தின் மேல்மூலையில், கடவுச்சொல்லோடு கூடிய பாவனையாளர் கணக்காக நிற்கிறது. ‘கணக்கை முடி’ என்றால் பதிவை அழித்துவிடுவார்கள் என்று நினைக்க இடமுண்டு. நம்மூரில் ஒருவருடைய கணக்கை முடிப்பது வேறு வேலை என்பதையும் நினைவூட்டி வைக்கிறேன்.

ஆக, என் முன்மொழிவு ‘சிட்டையிடல்’.

கடைக்காரர் சாமான்களை எடுத்து வைத்தபின், ஒவ்வொன்றாக எழுதி விலை போட்டுக் கூட்டுவது சிட்டை. விலைச்சிட்டை என்பது இங்கே வணிகம் படித்தவர்களுக்குத் தெரிந்த சொல். சிட்டை எழுதும்போது பணம் கொடுத்தாக வேண்டும் என்றில்லை. கடனுக்கும் சிட்டை உண்டு. எழுதிய பிறகும் “பனாட்டு வேண்டாம், எடுத்துவிடுங்கள்” என்று சொல்லலாம். மென்பொருளின் அந்தப் பக்கம் செய்வதும் இவ்வளவுதான். ஆக்கத்துக்கும் வசதி: வினைக்குச் ‘சிட்டையிடு’, பக்கத்துக்குச் ‘சிட்டைப் பக்கம்’, முதற்பொத்தானுக்குச் ‘சிட்டையிடச் செல்க’, இரண்டாவதற்கு ‘ஓடரை உறுதிசெய்’.

சென்னையிலிருந்து எழுதிய நண்பர், சிட்டா என்றால் அங்கே பட்டாவோடு ஒட்டிய நில ஆவணம் என்கிறார். சரி. ஆனால் பழைய கடைக் கணக்கில் சிட்டையும் பேரேடும் அங்கேயும் சேர்ந்தே வரும் சொற்கள். தூசி தட்டினால் போதும், புதிதாகப் பெற்றெடுக்க வேண்டியதில்லை.

அவரே ‘ஓடர்’ என்பதற்கும் முகம் சுளித்திருக்கிறார். ‘கட்டளை’ என்று எழுத எனக்கும் விருப்பமே. கொள்வனவுக் கட்டளை என்று அலுவலகங்களில் எழுதத்தான் செய்கிறோம். கணினிக்காரர் கட்டளையை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதுகூடப் பெரிய தடையில்லை. வாங்குபவருக்கு வரும் மின்னஞ்சலில் “உங்கள் கட்டளை கிடைத்தது” என்று இருந்தால் கடைக்காரர் கைகட்டி நிற்பதுபோல் இருக்கிறது. ஓடர் என்றால் ஓடர். ஆர்டர் என்று எழுத விரும்புபவர்கள் அப்படியே எழுதட்டும். ஓர் எச்சரிக்கை மட்டும்: பொருட்களை விலை வாரியாக அடுக்கும் இடத்திலும் ஆங்கிலத்தில் இதே சொல் வரும். அங்கே ‘வரிசை’ என்றுதான் எழுத வேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்பில் சூழல் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் மொழிபெயர்த்தால், “விலைப்படி ஓடர்” என்று ஒரு விசித்திரம் திரையில் தோன்றும்.

அடுத்தது கூடை விவகாரம். ‘கார்ட்’ என்பதற்கு ‘வண்டி’யை நான் ஏற்கவில்லை. அமெரிக்கப் பேரங்காடியின் தள்ளுவண்டி அது. பிரித்தானிய ஆங்கிலப் பதிப்பில் அவர்களே அதை விட்டுவிட்டுக் கூடை என்று வைத்திருக்கிறார்கள். பனையோலைப் பெட்டியைக் குறிக்கும் ‘கடகம்’ என்ற சொல்லை முன்மொழிந்தவருக்கு என் அன்பு. ஆனால் இந்தக் கடையில் கடகமே விற்பனைப் பொருள். சோதித்துப் பார்த்தேன். “கடகம் உங்கள் கடகத்தில் சேர்க்கப்பட்டது” என்று வந்தது. பொருளாளர் சிரித்த சிரிப்பில் அந்தச் சொல் தோற்றுப்போயிற்று. கடலுக்கு அப்பால் அது ராசியின் பெயராகத்தான் வாசிக்கப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடை போதும்.

அந்த வாக்கியத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. சொல்லை விட அது முக்கியம். பொருளின் பெயர் வரும் இடத்தில் மென்பொருள் ஒரு வெற்றிடக் குறியை வைத்திருக்கும். ஆங்கிலத்தில் எந்தப் பெயரையும் அப்படியே போட்டுவிடலாம். தமிழில் ‘ஐ’ சேர்த்தால் பனங்கட்டி பனங்கட்டியை ஆகும், சுளகு சுளகை ஆகும், கடகம் கடகத்தை ஆகும். மென்பொருளுக்குப் புணர்ச்சி தெரியாது. குறிக்குப் பின்னால் ‘ஐ’ ஒட்டி மொழிபெயர்த்த தளங்களில் ‘கடகம்ஐ நீக்கவா?’ என்று பல்லிளிக்கும். ஆகவே பெயர் எழுவாயாகவே நிற்கும்படி வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும்: “கடகம்: கூடையிலிருந்து நீக்கப்பட்டது.” அழகு கொஞ்சம் குறைகிறது, இலக்கணம் பிழைத்துக்கொள்கிறது.

இனிக் கரை தாண்டினால் பொருள் மாறும் சொற்கள். ‘கையிருப்பு’க்கு இங்கே கணக்கியலில் தொக்கு என்று படித்தவர்கள் நாம். ‘தொக்கு இல்லை’ என்று பனங்கட்டியின் கீழே எழுதினால், மதுரையில் இருப்பவர் அதைத் தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது என்று எடுத்துக்கொள்வார். ‘இருப்பில் இல்லை’ இரு பக்கத்துக்கும் சரி. ‘கழிவு’ அதைவிட மோசம். நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கடைப் பதாகைகளில் ‘10% கழிவு’ ஆளை இழுக்கும்; சென்னையில் அதே சொல் குப்பை வண்டியை அழைக்கும். அவர்களுடைய தள்ளுபடியை நாமும் விளங்கிக்கொள்வோம் என்றாலும், ‘விலைக்கழிவு’ என்று முழுதாக எழுதினால் எவருக்கும் குழப்பமில்லை என்பது என் கருத்து. ‘கூப்பன்’ என்றால் மூத்தவர்களுக்குக் கூப்பன் கடையும் அரிசி வரிசையும்தான் நினைவுக்கு வரும். ஆகவே அந்தப் பெட்டிக்கு ‘விலைக்கழிவுக் குறியீடு’ என்று பெயரிட்டிருக்கிறேன்.

முகவரிப் பெட்டிகளைப் பற்றி எவரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் கூடுதல் கவலை. ரொறன்ரோவில் இருக்கும் மகள் பணம் கட்டுவார். பனங்கட்டி சாவகச்சேரியில் இருக்கும் தாய்க்குப் போக வேண்டும். மென்பொருளில் இதற்கென்று தனித்தனியாக இரண்டு முகவரிகள் உண்டு. ஆங்கிலத்தின் ‘பில்லிங்’, ‘ஷிப்பிங்’ என்பவற்றைப் ‘பட்டியலிடல் முகவரி’, ‘கப்பல் முகவரி’ என்றெல்லாம் சில தளங்களில் பார்த்திருக்கிறேன். புழுக்கொடியல் எந்தக் கப்பலில் ஏறியது? ‘பணம் கட்டுபவர் முகவரி’, ‘பொருள் சேர வேண்டிய முகவரி’ என்று நீட்டி எழுதினால் என்ன குறைந்துவிடும்? கலைச்சொல் சுருக்கமாக இருக்க வேண்டும் என்ற விதியை நான் பொத்தானுக்கு ஏற்பேன். படிவத்துக்கு ஏற்க மாட்டேன்.

> ஊர்ச்சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் பொதுத்தமிழ் சிதறாதா?

மானிப்பாயில் இருந்துகொண்டு 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். தமிழ் சிதறவில்லை. வேர்ட்பிரஸ் மொழிபெயர்ப்பிலும் தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு ஒன்று என்று இரண்டு இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘சிட்டையிடல்’ பொதுத்தமிழுக்கும் ஏற்றதென்று குழு நினைத்தால் இரண்டிலும் பரிந்துரைப்போம். இல்லையென்றால் இலங்கைப் பதிப்பில் மட்டும் இருக்கட்டும். எந்தப் பக்கம் ஏற்கிறது என்று பார்க்கலாம்.

மறுப்பிருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கோப்பை ஏற்றிவிடுவேன். ‘ரீஃபண்ட்’ இன்னும் தீரவில்லை: நான் ‘மீளளிப்பு’ என்கிறேன், பொருளாளர் அந்தச் சொல்லே கடையில் இருக்கக்கூடாது என்கிறார்.