நாலரை வயசுப் பையனுக்கு ஊதுற டெஸ்ட்: நம்பலாமா?

ஆதி_அம்மா: பையனுக்கு நாலரை வயசு. மழை வந்தா இழுப்பும் வந்துடும். போன வாரம் ஸ்பைரோமெட்ரி, அதான் குழாயில ஊதி நுரையீரலை அளக்குற டெஸ்ட், எடுத்தோம். எஃப்இவி1 (முதல் ஒரு செகண்ட்ல ஊதுற காத்து) 61 சதவீதம்னு ரிப்போர்ட். "பாக்கி நுரையீரல் போச்சா"ன்னு மாமனார் அழறார். டாக்டர் இன்ஹேலர் டோஸைக் கூட்டச் சொல்றார். இந்த நம்பரை நம்பலாமா?

தாமிரபரணி: நம்பாதீங்க. பெரியவங்களையே "ஊது, ஊது, விடாதே"ன்னு கத்தித்தான் ஊத வைக்கணும். என் மகளுக்கு 4 வயசுல எடுத்தப்போ, குழாயை ஜூஸ் ஸ்ட்ரான்னு நினைச்சு உறிஞ்சிட்டா. அதுக்கும் மெஷின் ஒரு சதவீதம் போட்டுக் கொடுத்துச்சு! ஜினாங்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டியே 5 வயசு வரைக்கும் அறிகுறியையும், மருந்து கேக்குதாங்கிறதையும் வச்சுத்தான் ஆஸ்துமாவை முடிவு பண்ணச் சொல்லுது. அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்?

ஊதல்_ரூம்: 11 வருஷமா இந்த டெஸ்ட் எடுக்கிற டெக்னீஷியன் நான். வீண்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். மேடம், சதவீதத்தை விடுங்க. ஒவ்வொரு ஊதலுக்கும் லிட்டர் கணக்கு இருக்கும், பக்கத்துல படம் இருக்கும். அதைச் சொல்லுங்க.

ஆதி_அம்மா: 0.58, 0.39, 0.44. கோடு மலை மாதிரி ஏறி, இறங்குற வழியில திடீர்னு செங்குத்தா விழுது.

ஊதல்_ரூம்: மூச்சு முடியறதுக்குள்ள நிறுத்திட்டான், அவ்வளவுதான். அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் சங்கங்களோட 2019 விதிப்படி, 6 வயசு வரைக்கும் இருக்கறதுலயே பெரிய ரெண்டு ஊதலுக்கும் வித்தியாசம் 100 மில்லிக்குள்ள இருக்கணும், இல்லேன்னா பெரிய அளவுல 10 சதவீதம்; ரெண்டுல எது அதிகமோ அது. இங்க 140 மில்லி. இன்னொண்ணு, இந்த வயசுல நிறையப் பிள்ளைங்க ஒரு செகண்டுக்குள்ளயே மொத்தக் காத்தையும் ஊதித் தள்ளிடும். அதனாலதான் முக்கால் செகண்ட் அளவையும் பாக்கணும்கிறது. ஆனா டாக்டரைக் கேக்காம நீங்களா மருந்தைக் குறைச்சிடாதீங்க.

தாமிரபரணி: அண்ணே, நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்றீங்க!

ஊதல்_ரூம்: இல்ல தம்பி. தோசை கருகினா கல்லையா தூக்கிப் போடுவோம்? முதல் நாள் வெறும் குழாயைக் கொடுத்து விளையாட விடுவேன். ஸ்கிரீன்ல மெழுகுவத்தி அணையுற விளையாட்டு இருக்கு. ரெண்டாவது தடவை வரும்போது நல்லாவே ஊதுற நாலு வயசுக்காரங்களை நிறையப் பாத்திருக்கேன். சரியா ஊதிட்டா, மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து 15 நிமிஷம் கழிச்சு எவ்வளவு ஏறுதுன்னு பாக்கலாம். அது உதவுற தகவல்தான்.

தாமிரபரணி: சரியாவே ஊதட்டும். சதவீதம் யாரோட ஒப்பிட்டு? நார்மல் அளவு எவ்வளவுன்னு சொல்ற 2012 ஜிஎல்ஐ உலக அட்டவணையில இந்தியப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவே கிடையாது. அதோட, இழுப்பு இல்லாத நாள்ல ஆஸ்துமா பிள்ளையும் நார்மலா ஊதலாம். எங்க அக்கா அந்த நார்மல் ரிப்போர்ட்டை நம்பி இன்ஹேலரை நிறுத்தினா. அடுத்த மாசமே ராத்திரி ரெண்டு மணிக்கு நெபுலைசருக்கு ஓடினோம்.

ஊதல்_ரூம்: அட்டவணை விஷயம் உண்மை. அதான் நான் அவனோட பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிடச் சொல்றேன். ஊதவே வராத பிள்ளைக்கு ஆஸிலோமெட்ரி இருக்கு. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டா போதும், சும்மா மூச்சு விட்டாலே அளந்துடும். எல்லா ஊர்லயும் கிடைக்காது.

ஆதி_அம்மா: இப்பதான் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாத்தேன். கடைசி வரியில பொடி எழுத்துல "குழந்தை ஒத்துழைக்கவில்லை"ன்னு போட்டிருக்கு. நாங்க யாருமே கவனிக்கலை.

தாமிரபரணி: அப்போ அந்த 61-ஐ மட்டும் எதுக்குக் கொட்டை எழுத்துல போட்டாங்க?