ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது, அவசரம்

அவசரக்காரன்:
காரை ஸ்டார்ட் செய்து ஓட்டாமல் சும்மா நிற்கவிட்டால் (ஐடிலிங்) ஆர்பிஎம் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. சிக்னலில் ஒரு தடவை ஆஃப் ஆகியே விட்டது. நாளை காலை வெளியூர் போக வேண்டும். எதைப் பார்க்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

பதினாலாம் நம்பர்:
பெட்ரோலா டீசலா? எவ்வளவு வரை ஏறுகிறது? ஆறிய இன்ஜினிலா, சூடான பிறகா? ஏசி போட்டால் மாறுகிறதா? செக் இன்ஜின் லைட் எரிகிறதா?

பழைய கார்புரேட்டர்:
தம்பி, ஐடிலிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பு. அவ்வளவுதான் விஷயம்.

இன்ஜின் வாத்தியார்:
வாரம் ஒருவர் இப்படி வருகிறார். வண்டி விவரம் இல்லாமல் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? பெட்ரோல் இன்ஜின் சூடானதும் பெரும்பாலும் 650-லிருந்து 850-க்குள் நிற்கும். ஆறிய இன்ஜின் 1200-ல் ஓடுவது கோளாறே இல்லை. இந்த அடிப்படையாவது தெரிந்துகொண்டு கேளுங்கள்.

நெய்தல்:
எனக்கு இதே தொல்லை இருந்தது, பர்ஜ் வால்வு. டேங்கில் சேரும் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடுகிற வால்வு மூடாமல் நின்றுவிட்டது. டேங்க் நிரப்பியதும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா?

அவசரக்காரன்:
பெட்ரோல். சூடான பிறகுதான். 800-க்கும் 1600-க்கும் நடுவில் ஆடுகிறது. லைட் எரியவில்லை. ஏசி போட்டால் கொஞ்சம் அடங்குகிறது. டேங்க் நிரப்பினால் ஒன்றும் ஆவதில்லை. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குப் போகும் காற்றை ஒரு தகடு திறந்து மூடுகிற பாகம்) நானே கழற்றிச் சுத்தம் செய்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பதினாலாம் நம்பர்:
அட, இதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்!

எங்கோ ஏர் இழுக்கிறது என்று நினைக்கிறேன். மேப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வண்டியென்றால், திருட்டுக் காற்று உள்ளே போனதும் ஈசியு, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர், அதற்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டும், ஆர்பிஎம் ஏறும். மிதியில் கால் இல்லாமல் ஆர்பிஎம் ஓர் எல்லையைத் தாண்டினால், "வண்டி தானாக உருண்டு போகிறது" என்று எண்ணிப் பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் விழும், மறுபடி பெட்ரோல் வரும். இந்த ஊஞ்சல்தான் நீங்கள் பார்ப்பது. ஏசியின் பளு அந்த எல்லைக்குக் கீழே இழுப்பதால் அடங்குகிறது.

கழற்றிய இடத்தில் உள்ள கேஸ்கெட், ஹோஸ் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸையும் (இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் வெற்றிடக் குழாய்) விட வேண்டாம். கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் கசிவைத் தேடாதீர்கள், சூடான மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும்.

இன்ஜின் வாத்தியார்:
எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சுத்தம் செய்த பிறகு ஐடில் ரீலேர்ன் செய்ய வேண்டும், அதாவது ஐடிலிங் கணக்கை ஈசியுவுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். அழுக்கு இருந்தபோது கற்ற கணக்கையே ஈசியு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். தகட்டை விரலால் தள்ளித்தானே துடைத்தீர்கள்? உள்ளே இருக்கும் பல்சக்கரம் போயிருக்கும். எதைப் போட்டுத் துடைத்தீர்கள்?

அவசரக்காரன்:
கார்ப் கிளீனர், கார்புரேட்டருக்கு அடிக்கிற ஸ்ப்ரே. எலக்ட்ரானிக் இல்லை, மிதியிலிருந்து கேபிள் இழுக்கிற வண்டிதான்.

இன்ஜின் வாத்தியார்:
நினைத்தேன். சில த்ராட்டில் பாடிகளில் தகட்டு ஓரம் காற்று கசியாமல் ஒரு பூச்சு இருக்கும். கார்ப் கிளீனர் அதைத் தின்றுவிடும். த்ராட்டில் பாடிக்கென்று தனி கிளீனர் எதற்கு விற்கிறார்கள்?

பழைய கார்புரேட்டர்:
இரண்டும் ஒரே சரக்கு, டப்பாதான் வேறு. நான் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தே காலம் ஓட்டினேன்.

இன்ஜின் வாத்தியார்:
உங்கள் காலத்தில் சென்சாரே கிடையாது ஐயா.

பழைய கார்புரேட்டர்:
அதனால்தான் வண்டி ஓடியது.

நெய்தல்:
இரண்டு பேரும் டப்பாவை விட்டுவிட்டு வண்டிக்கு வாருங்களேன்.

பதினாலாம் நம்பர்:
கேபிள் என்றால் ஐடிலிங்கில் காற்றை அளந்து விடுகிற ஐடில் ஏர் வால்வும் தனியாக இருக்கும், அதில் கரி அடைத்திருக்கலாம். ஆனால் ஞாயிறுக்கு முன்னால் சரியாக ஓடியதா? ஆம் என்றால் உங்கள் கை பட்ட இடத்தை விட்டு வெளியே போகாதீர்கள். தகடு எதுவரை மூடும் என்று வைக்கிற ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீர்கள்.

அவசரக்காரன்:
கண்டுபிடித்துவிட்டேன், பிரீத்தர் ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் புகையைக் காற்றுப் பாதைக்கு விடுகிற குழாய்). மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடியில் வளைவில் விரல் நுழைகிற அளவு கிழிசல், கழற்றும்போது நான் இழுத்ததுதான். மாற்றியாச்சு, 750-ல் நிற்கிறது. கிளம்புகிறேன், நன்றி.

பழைய கார்புரேட்டர்:
ஸ்க்ரூவைத் திருப்பினாயா இல்லையா?